கன்மமும் கூட்டு நனவிலியும்

சுவிட்சர்லாந்து நாட்டு உளநூலாராகிய கார்ல் குஸ்தாவ் யுங் (1875–1961) என்பார், தனிமனிதனது நனவிலி மனத்தின் அடியில் மக்கட்கெல்லாம் பொதுவாகிய கூட்டு நனவிலி ஒன்றுண்டென்றும், அன்னை, முதியோன், வீரன் முதலிய தொல்படிமங்கள் அதனின்றும் எழுந்து கனவிலும் புராணத்திலும் தோன்றுமென்றும் கூறினார். திபெத்தியரது இறந்தோர் நூலுக்கு 1935-இல் எழுதிய விளக்கத்தில், கன்மத்தை மிக விரிந்த பொருளில் உளவழி மரபுரிமை எனக் கொள்ளின் எச்சரிக்கையோடு ஏற்கலாமென்றும் உரைத்தார். இதுகண்டு நம்மவருட் சிலர், மேனாட்டறிவும் நம் கன்மக் கொள்கையை ஒப்பிற்றென மகிழ்கின்றனர். அது பொருந்தாது. என்னை?

கன்மம் உயிர்தோறும் வேறு. செய்த உயிரே நுகரும்; நுகரக் கழியும். கூட்டு நனவிலியோ எல்லார்க்கும் ஒன்று, எவரும் செய்ததன்று, நுகர்ந்து தொலைப்பதுமன்று. மரபில் வருவன உருவங்களல்ல, கரைசலில் உப்புப் படிகம் தோன்றுமுன் உள்ள அச்சமைப்புப்போன்ற வெற்றமைதியே என யுங் தாமே தெளித்துள்ளார். அவ்வமைதியில் நல்வினையுமில்லை, தீவினையுமில்லை. செய்தவனையும் விளைவையும் பிணிக்குங் கயிற்றை அறுத்துவிட்டு, எஞ்சியதைக் கன்மமென்பது எங்ஙனம் அமையும்? தன் பிழைக்கெல்லாம் முன்னோர்வழி வந்த மனவமைப்பே காரணமென்பானுக்கு நோன்பு எதற்கு? தீக்கை எதற்கு?

அற்றேல், ஒன்றன்றாயினும் துணைச்சான்றாகுமெனின், அச்சான்றின் வலியையும் அளந்து காண்போம். சூரிச்சு நகர மருத்துவமனையில் ஒரு நோயாளி, ஞாயிற்றுக்கு ஆண்குறி உண்டென்றும், தான் தலையசைப்ப அஃதசைந்து காற்றுப் பிறக்குமென்றும் சொன்னார். இஃது 1906-ஆம் ஆண்டளவில் நிகழ்ந்ததென்று யுங் 1936-இல் இலண்டன் சொற்பொழிவிற் கூறினார். ஞாயிற்றினின்று தொங்குங் குழாயே காற்றின் பிறப்பிடமென்னும் செய்தி, டீட்டெரிக் பதிப்பித்த பழைய கிரேக்க வழிபாட்டேட்டிலும் உண்டு. அப்பதிப்பு 1910-இல் வந்தமையின் நோயாளி அதனை அறிந்திரார் என்பது யுங் துணிபு. ஆயின் 1910-இல் வந்தது இரண்டாம் பதிப்பே. முதற்பதிப்பு 1903-இல் வெளிவந்தது. நோயாளி 1903-க்கு முன்னரே மருத்துவமனை புகுந்தவரென்று யுங் நூற்றொகுப்பின் பதிப்பாசிரியர் விடை கூறுவர். மருத்துவமனை புகுந்தார் நூற்செய்தி யாதும் அறியார் என்னும் வியாத்தி யாண்டுக் கண்டது? அறியாரென்றே கொள்ளினும், ஒரே ஞாயிற்றையும் ஒரே காற்றையும் கண்ட இருவர் ஒத்த கற்பனை செய்தல் கூடாதோ? பிறவாறும் கூடும் ஏது அனைகாந்திகமாம். மூடுபனியைப் புகையெனக் கொண்டு மலைமேல் தீயுண்டென்று துணிவார் போல்வது இத்துணிபு.

பித்தர் பிதற்றலென்று பிறர் ஒதுக்கியதைப் பொருளுடையதாகக் கேட்ட பெருமை யுங்குக்கு உண்டு, அதனை மறுக்கிலோம். தாம் ஆராய்வது மனத்திலுள்ள கடவுட்படிமமே, கடவுளுண்மை தம் ஆராய்ச்சிக்குப் புறம்பு என்று அவரே எல்லை வகுத்தார். அவர் சொல்லாததை அவர்மேல் ஏற்றுவார் நம்மவரே.

காண்டல், கருதல், உரை என்னும் அளவைகளால் ஆராய்ந்து கொண்ட கொள்கைக்குப் புறத்தார் நற்சான்று வேண்டா. இன்று யுங் ஒப்பினாரென்று கொண்டாடுவோமாயின், நாளை அவர் கூற்று மறுக்கப்படுங்கால் நம் கொள்கையும் மறுக்கப்பட்டதென்பார்க்கு யாது விடை கூறுவோம்? அன்பர்கள் இதனை நடுநின்று ஆராய்வார்களாக.