பல்லுக்குக் குழாய், கர்ப்பப்பைக்குப் போஸ்டர்

ஒகேனக்கல்லில் வறுத்த மீனை முன்னால் வைத்துக்கொண்டு கேன்சர் பற்றிப் பேசியிருக்கக் கூடாதுதான். கை துடைக்கக் கொடுத்த பழைய பேப்பர்தான் காரணம். 'புற்றுநோய்க்குப் புதிய சிகிச்சை, விஞ்ஞானிகள் சாதனை' என்று ஒரு செய்தி. வாய்விட்டுப் படித்துவிட்டேன் போலிருக்கிறது.

"எங்க அக்காவுக்கும் அதான் சார்" என்றார் அடுப்பருகே இருந்த பெண். "அடிவயித்துல. ரெண்டு வருஷமா வெள்ளைப்படுதுன்னு மெடிக்கல்ல மாத்திர வாங்கித் தின்னுக்கிட்டிருந்தா. பெங்களூருக்குக் கூட்டிட்டுப் போறப்ப முத்திப்போச்சுன்னுட்டாங்க."

"இப்ப எப்படி இருக்காங்க?"

"போயி மூணு வருஷம் ஆச்சு சார். இன்னொரு மீன் வைக்கட்டா?"

பேப்பர் சொன்ன சாதனை பொய்யில்லை. ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கு 2001-ல் வந்த இமாடினிப் மாத்திரை, சில வருடங்களில் முடிய வேண்டிய ஆயுளை ஏறக்குறைய சாதாரண ஆயுளாக்கியது. மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் விற்ற அந்த மருந்துக்கு நோவார்ட்டிஸ் கேட்ட காப்புரிமையை முதலில் மறுத்தது, 2006-ல், நம்ம சென்னை காப்புரிமை அலுவலகம். 2013-ல் உச்ச நீதிமன்றமும் மறுத்தது. உள்ளூர்க் கம்பெனிகள் அதைப் பத்தில் ஒரு பங்கு விலைக்குத் தந்தன. நோயாளியின் ரத்த அணுக்களை வெளியே எடுத்து, மரபணுவை மாற்றி, கேன்சரோடு சண்டை போடத் திருப்பி அனுப்பும் சிகிச்சையும் மும்பையில் தயாராகி 2023 அக்டோபரில் அனுமதி பெற்றது. அமெரிக்காவில் 3 கோடிக்கு மேல். இங்கே 30, 40 லட்சம். சபாஷ், கை தட்டலாம்.

ஆனால் மீன்காரம்மாவின் அக்காவுக்கு வந்தது, பெரும்பாலும், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். அதற்கு இந்த வித்தை எதுவும் தேவையே இல்லை. அது ஒரு வைரஸால் வருகிறது என்று 1983-லேயே காட்டி, 2008-ல் நோபல் வாங்கிவிட்டார் ஜெர்மனிக்காரர் ஹரால்ட் சூர் ஹாசன். வைரஸ் நுழைந்து புற்றாக மாற 15, 20 வருடம் ஆகும். அவ்வளவு அவகாசம் கொடுக்கிறது இந்தக் கேன்சர். முதல் கட்டத்தில் பிடித்தால் 100-க்கு 80 பேருக்கு மேல் ஐந்து வருடம் தாண்டுகிறார்கள். நான்காம் கட்டத்தில் 20 பேர்கூடத் தேற மாட்டார்கள்.

பிடிக்கும் வழி? வினிகர். கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி ஒரு நிமிடம் பொறுத்தால், கெட்டுப்போகத் தொடங்கிய இடம் வெள்ளையாகத் தெரியும். பார்க்க ஒரு நர்ஸ் போதும். உறையவைத்து அகற்றவும் பயிற்சி பெற்ற நர்ஸே போதும். இதை நிரூபித்தது ஸ்வீடன் அல்ல சார், நம்ம திண்டுக்கல் மாவட்டம். டாக்டர் சங்கரநாராயணன் குழுவினர் 30 முதல் 59 வயதுவரை உள்ள 30,000-க்கும் அதிகமான கிராமத்துப் பெண்களைப் பரிசோதித்து, 2007-ல் 'லான்செட்' இதழில் எழுதினார்கள். பரிசோதனை நடந்த பகுதிகளில் இந்தக் கேன்சரால் சாவது 35 சதவீதம் குறைந்தது.

அதற்குப் பிறகு தமிழக அரசும் மாநிலம் முழுக்கத் திட்டம் போட்டது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், ஒருமுறையாவது இந்தப் பரிசோதனை செய்துகொண்டதாகச் சொன்ன தமிழ்நாட்டுப் பெண்கள் 9.8 சதவீதம். இந்தியாவின் சராசரி 1.9. 'நாமதான் ஃபர்ஸ்ட்' என்று இதற்கும் ஒரு போஸ்டர் அடிக்கலாம்.

கேட்டால் 'மக்களிடம் விழிப்புணர்வு இல்லை' என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிற வார்த்தை இது. செத்தவள் தலையிலேயே பழியையும் வைத்துவிட்டு, பிங்க் ரிப்பன் கட்டிக்கொண்டு மாரத்தான் ஓடுவது.

இதே தர்மபுரியில் போர்வெல் தண்ணீரின் ஃப்ளோரைடால் பல் கறுத்து, எலும்பு வளைந்தது. யாராவது 'ஃப்ளோரைடு பற்றி விழிப்புணர்வு பெறுங்கள்' என்று போஸ்டர் ஒட்டிவிட்டுச் சும்மா இருந்தார்களா? ஜப்பானிடம் கடன் வாங்கி, கர்நாடகத்தோடு மல்லுக்கட்டி, சுமார் 1,900 கோடியில் இதே ஒகேனக்கல்லிலிருந்து தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் குழாய் போட்டார்கள். 2013-ல் தண்ணீர் போனது. வீட்டு வாசலுக்குத் தண்ணீர் போனால் குடிக்கிறார்கள். பரிசோதனையும் அப்படித்தான். 2021-ல் பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்தில்தான் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. சுகர் மாத்திரை வீடு தேடி வருகிறது. பெண் தானே மாதிரி எடுத்துக் கொடுக்கும் வைரஸ் பரிசோதனையை உலக சுகாதார நிறுவனமே 2021-ல் சிபாரிசு செய்துவிட்டது. அந்தப் பையில் ஒரு குச்சிக்கும் குப்பிக்கும் இடம் இல்லையா?

நம் சினிமாவும் லேசுப்பட்டதல்ல. 1962-ல் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' படத்தில் கேன்சர் நோயாளி பிழைத்துவிடுவார், டாக்டர்தான் இறந்துபோவார். அப்புறம் வந்தவர்கள் நோயாளியை இருமவிட்டு, கர்ச்சீப்பில் ரத்தம் காட்டி, கிளைமாக்ஸில் தீர்த்துக்கட்டிவிட்டார்கள். 'எப்படியும் சாவுதான், எதுக்கு டெஸ்ட்?' என்று ஒருத்தி நினைத்தால் தப்பா?

14 வயதுப் பெண்களுக்கு இலவசத் தடுப்பூசி போட, 2025 மார்ச் பட்ஜெட்டில் தமிழக அரசு 36 கோடி அறிவித்தது. நல்ல காரியம். ஆனால் அது மகள்களுக்கு. ஏற்கெனவே உள்ளே வந்துவிட்ட வைரஸை ஊசி விரட்டாது. அம்மாக்களுக்கு அந்த நர்ஸ்தான் வர வேண்டும். முற்றிய பிறகு காப்பீட்டு அட்டை ஆஸ்பத்திரிக்குப் பணம் கட்டும், சரி. ஐந்து வாரம் தினமும் கரன்ட் வைக்கப் பெங்களூருக்கோ அடையாறுக்கோ போய்க் கிடந்தால், மீன் யார் வறுப்பது?

இதையெல்லாம் அந்தம்மாவிடமும் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டார். அவருக்கு 41 வயதாம்.

"அந்த டெஸ்ட் எங்க சார் எடுக்கறாங்க?"

"பென்னாகரம் அரசு ஆஸ்பத்திரியில கேட்டுப் பாருங்கம்மா."

"எந்தக் கிழமை?"

எனக்குத் தெரியவில்லை.

"சனி, ஞாயிறு இல்லாம இருந்தாச் சொல்லுங்க. அன்னிக்குத்தான் இங்க கூட்டம்" என்றபடி அடுத்த மீனை எண்ணெயில் போட்டார்.