பிளவுண்ட நெஞ்சின் மொழி

காதற்பிரிவைக் காப்பியம் பாடினால் அது இலக்கியம்; அதனையே வானொலிப் பாடல் பாடினால் வெறும் பொழுதுபோக்கு என்று பிரித்துக் காண்பது கற்றோரிடையே வழக்கமாகிவிட்டது. இப்பிரிவினை முறையானதா? ஸ்பெயின் நாட்டுப் பாடல் ஒன்றன் வழி இதனைச் சிந்திப்போம்.

1997 ஆம் ஆண்டு அலெஹாந்த்ரோ சான்ஸ் வெளியிட்ட 'மாஸ்' என்னும் இசைத்தொகுப்பில் இடம்பெற்றது 'கொரசோன் பர்த்தீயோ'. 'பிளவுண்ட நெஞ்சம்' என்பது அதன் பொருள். ஸ்பானிய மொழியின் ஏட்டு வழக்கில் 'பர்த்தீதோ' என்றே எழுதுவர். நாட்டின் தென்பகுதியாகிய அந்தலூசியாவின் பேச்சிலோ, இடைநின்ற மெய் கெட்டு அது 'பர்த்தீயோ' என ஒலிக்கும். சான்ஸ் பிறந்தது மத்ரித் நகரில், பெற்றோர் அந்தலூசியர். பிளவைக் குறிக்கும் சொல்லையே அவர் பேச்சு வடிவில் தலைப்பாக்கினார். நெஞ்சு உடைந்தவர் இலக்கணம் நோக்கிப் பேசுவதில்லை. வீட்டு மொழியே நாவில் வந்து நிற்கிறது. ஆதலின் அச்சிதைவு பிழையன்று. உணர்வுக்கு ஏற்ற வடிவமே ஆகும்.

இப்பாடலின் பல்லவி பெரும்பாலும் வினாக்களால் ஆனது. இனித் தன்னைத் தேற்றுவார் யார் என்பதே அவ்வினாக்களின் சாரம். விடை கூற எவரும் இல்லை என்பதில்தான் பிரிவின் கொடுமை விளங்குகிறது.

இத்தகு துயரைத் துள்ளும் தாளத்தில் பாடலாமா எனச் சிலர் வினவுவர். பாடலுக்கு ஊற்றாகிய பிளமெங்கோ மரபே இதற்கு விடை தரும். அம்மரபில் 'சொலெயா' தனிமையைப் பாடும். நடை மெல்லெனச் செல்லும். 'புலெரியா' விழாக்கோலம் பூண்டது, விரைந்து பாயும். எனினும் இரண்டும் 12 மாத்திரைச் சுழற்சியில் அமைந்தவை; முன்னதிலிருந்தே பின்னது கிளைத்தது. அழுகையும் ஆடலும் அம்மக்களுக்கு ஒரே தாளத்தின் இரு முகங்கள். சான்ஸின் பாடலுக்கு விசென்தே அமிகோ என்னும் பிளமெங்கோ வல்லுநர் கித்தார் மீட்டியதும் இங்கு எண்ணத்தக்கது.

மரபு கெடுமே என்ற அச்சம் புதிதன்று. வணிக மேடைகளால் பழம்பாடல் சீரழிகின்றதெனக் கவலையுற்றே இசைமேதை மனுவேல் தெ பாயாவும் கவிஞர் லோர்க்காவும் 1922 இல் கிரனாதா நகரில் பாடற்போட்டி நடத்தினர். 1979 இல் கமரோன் என்னும் பாடகர் மின்னிசைக் கருவிகளுடன் புதுமைத் தொகுப்பு ஒன்றைத் தந்தபோது மரபன்பர் பலர் அதனைப் புறக்கணித்தனர். இன்று அது பிளமெங்கோ வரலாற்றின் திருப்புமுனையாகப் போற்றப்படுகிறது. அத்தொகுப்பின் பாடல்கள் சில அதே லோர்க்காவின் கவிதைகளே என்பது காலத்தின் விந்தையன்றோ!

விற்பனைக்கென வரும் பாடல் யாவும் சிறந்தன என நாம் வாதிடவில்லை. உள்ளீடற்ற ஓசைகளும் உள. அவற்றைக் காலம் கழித்துவிடும். நாம் வேண்டுவது ஒன்றே: பிறந்த இடம் நோக்கிப் பாடலை எடையிடாது, சொல்லும் துயரும் ஒன்றினவா என நோக்குதல் வேண்டும். மாணவர் நெஞ்சு தோயும் பாடலை எள்ளி நகையாடும் ஆசிரியர், அந்நெஞ்சினுள் புகும் வாயிலையே அடைத்துவிடுகிறார். அவ்வாயிலைத் திறந்து வைப்போம். காப்பியமும் அதன் வழியே உள்ளே செல்லும்.