தவணை என்னும் விலங்கு

பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் வாழும் தாராவிக் குடும்பத்திடம் போய், "எளிமையாக வாழுங்கள்" என்று உபதேசம் செய்வது கொடுமை. இல்லாதவனுக்கு எளிமையைப் போதிப்பது இருப்பவனின் பழைய தந்திரம். அதைச் செய்ய நாம் வரவில்லை. மின்விசிறி, எரிவாயு அடுப்பு, பிள்ளைகளின் புத்தகம் இவையெல்லாம் ஆடம்பரமல்ல, உழைப்பவனின் உரிமை.

நாம் கேட்பது வேறு. இருக்கிற டி.வி. நன்றாக ஓடும்போதே இன்னொன்று சுவரில் ஏறுவானேன்? ஊர்க் கொடைக்குப் புறப்படுமுன் புதுக் கைபேசி வாங்குவானேன்? "பம்பாய்க்காரன்" என்ற பெயரைக் காப்பாற்றத்தானே! மாதம் 2,000 ரூபாய்த் தவணை மூன்று சேர்ந்தால் 6,000 ரூபாய். சம்பளம் வீடு வந்து சேருமுன்பே அது போய்விடுகிறது.

"வட்டியில்லாத் தவணை" என்கிறார் கடைக்காரர். வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது, கடன் அட்டைத் தவணைகளில் வட்டி பெரும்பாலும் கட்டணம் என்ற பெயரில் வாங்குபவர் தலையில் விழுகிறது என்று 2013 செப்டம்பரில் ரிசர்வ் வங்கியே வங்கிகளுக்கு எழுதியது.

வட்டியைவிடப் பெரிய இழப்பும் உண்டு. தொழிற்சாலையில் ஓவர்டைமுக்கு இரட்டைக் கூலி என்பது சட்டம் தந்த உரிமை. ஐந்தாம் தேதி தவணை கட்டவேண்டியவன் அதை வாய்விட்டுக் கேட்பானா? சங்கம் அழைத்தால் ஒருநாள் வேலையை விட்டு வருவானா? கடன்பட்டவனின் வாயைக் கட்ட முதலாளிக்குத் தனிப் பூட்டு வேண்டியதில்லை.

2020 மார்ச் 25 அன்று நாடே அடைக்கப்பட்டபோது, அறையில் இருந்த எந்தச் சாமானும் பசியாற்றவில்லை. கையில் நாலு காசு இருந்த வீட்டில்தான் உலை கொதித்தது.

ஒன்பது ஆண்டுகள் முதலமைச்சராக இருந்த காமராசர் 1975இல் மறைந்தபோது அவர் குடியிருந்தது வாடகை வீடு. சொந்தமென்று சேர்க்காததால் யாருக்கும் அஞ்சவேண்டிய நிலை அவருக்கு இல்லை. அந்த நிமிர்வு நமக்கும் வேண்டும்.

ஆகவே தோழர்களே, தாய்மார்களே! ஒரு தவணை முடியாமல் அடுத்ததைத் தொடங்காதீர்கள். கல்யாணச் சீரில் பீரோவும் ஃபிரிட்ஜும் கேட்காதீர்கள். அஞ்சலகத் தொடர் வைப்பில் மாதம் 100 ரூபாயிலிருந்தே சேமிக்கலாம். மூன்று மாதச் சோற்றுக்குக் கையிருப்பு உள்ள தொழிலாளிதான் கூலியைத் தலைநிமிர்ந்து கேட்பான்.