கொள்முதல் நிலையத்திலும் கருத்துக் கேட்கலாமே

தரங்கம்பாடியில் டேனியர் 1620-இல் கட்டத் தொடங்கிய கோட்டையைப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் அரை நாள்தான் இருக்கிறார்கள். ஊர் திரும்புமுன் கோட்டைக்கும், தங்கிய விடுதிக்கும், மதியம் சாப்பிட்ட மீன் குழம்புக்கும் கைப்பேசியில் நட்சத்திரம் போட்டுவிடுகிறார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் இதே வட்டத்தில், ஒரு போகத்து உழைப்பை நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் கொண்டுபோய்க் கொட்டும் விவசாயியிடம், போன காரியம் எப்படி நடந்தது என்று முறையாக யாரும் கேட்பதில்லை.

குறை சொல்ல வழியே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1100 என்ற முதல்வரின் உதவி எண் இருக்கிறது. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டமும் நடக்கிறது. ஆனால் புகார் என்றாலே யாராவது ஒருவரைக் கைகாட்ட வேண்டியிருக்கிறது. அடுத்த போகத்துக்கும் அதே நிலையத்துக்குத்தான் மூட்டையோடு போக வேண்டும் என்பது நினைவுக்கு வந்ததும் பலர் வாய் திறப்பதில்லை. எத்தனை நாள் காத்திருந்தீர்கள், ஈரப்பதம் உங்கள் கண்ணெதிரே பார்க்கப்பட்டதா, மூட்டைக்கு ஏதும் கொடுக்க நேர்ந்ததா என்று விற்றவர் எல்லோரிடமும் கேட்டுவிட்டால், தனியே ஒருவர் துணிந்து முன்வர வேண்டிய அவசியம் இருக்காது.

எதிர்ப்பக்கத்தையும் கேட்க வேண்டும். மூட்டைக்கு இவ்வளவு என்று வாங்குகிறார்கள் என்ற குற்றச்சாட்டு டெல்டாவில் ஆண்டுதோறும் எழுகிறது. நிலையத்தின் பட்டியல் எழுத்தரிடம் பேசினால் அவர் வேறொரு கணக்கைச் சொல்வார். வழக்கமான வரம்பான 17 சதவீத ஈரப்பதத்தோடு வாங்கிய 40 கிலோ மூட்டை, லாரிக்காகக் காத்துக் கிடந்து 15 சதவீதத்துக்குக் காய்ந்தால், எடை ஏறக்குறைய 39 கிலோ. ஆயிரம் மூட்டைக்கு ஒரு டன்னுக்குக் கொஞ்சம் குறைவாக நெல் வெயிலோடு போய்விடுகிறது. அந்த எடை இழப்பு தங்கள் தலையில் விழுகிறது என்பது பருவகாலப் பணியாளர்களின் நெடுநாள் குறை. சுமை தூக்குவோருக்குக் கூலிக் கவலை. இவை எதுவும் விவசாயியிடம் கை நீட்டுவதை நியாயமாக்கிவிடாது. ஆனாலும், லாரி தாமதம்தான் விவசாயியைக் காக்க வைக்கிறது, அதே தாமதம்தான் எழுத்தருக்கு நட்டத்தையும் வைக்கிறது. இருவரையும் தனித்தனியே கேட்டு இரண்டு கோப்புகளில் வைத்தால் இது கண்ணில் படாமலே போகும்.

கருவி புதிதாகத் தேட வேண்டியதில்லை. நெல் விற்க இணையவழிப் பதிவு ஏற்கெனவே வந்துவிட்டது. பதிவில் கைப்பேசி எண் இருக்கிறது. பணம் வங்கிக் கணக்கில் ஏறியபிறகு தமிழில் மூன்று கேள்விகளோடு ஓர் இணைப்பை அனுப்புவது பெரிய செலவல்ல. கைப்பேசி பழக்கமில்லாதவருக்கு வீட்டுப் பிள்ளைகள் உதவலாம். குத்தகைக்குப் பயிரிடுபவர் பெயரில் பதிவு இல்லாமல் போகும் இடத்தில் மட்டும் கூட்டுறவுச் சங்கத்தில் நேரில் கேட்டு எழுத வேண்டியிருக்கும். கடைகளையும் விடுதிகளையும் வாட்டும் போலி விமர்சனத் தொல்லை இங்கே குறைவு. இணைய விமர்சனங்களுக்காக இந்திய தர நிர்ணய அமைவனம் 2022-இல் கொண்டுவந்த நெறிமுறையும், எழுதுகிறவர் உண்மையான ஆள்தானா என்று சரிபார்ப்பதைத்தான் வலியுறுத்துகிறது. இங்கே ரசீது எண்ணே அதற்குச் சான்று.

தயக்கங்கள் நியாயமானவை. ஓர் எழுத்தரின் பெயருக்கு நேரே நட்சத்திரம் போட வைத்தால், ஈரமான நெல்லை விதிப்படி திருப்பி அனுப்பிய நேர்மையானவருக்குத்தான் முதலில் அடி விழும். ஆகவே மதிப்பெண் நிலையத்துக்கு இருக்கட்டும், ஆளுக்கு வேண்டாம். பணியாளர்களிடமும் கருத்துக் கேட்பதில் இன்னொரு சிக்கல். நான்கைந்து பேர் வேலை பார்க்கும் இடத்தில் பெயரில்லாமல் எழுதினாலும் யார் எழுதியது என்று மாலைக்குள் தெரிந்துவிடும். அடுத்த பருவத்துக்கு அழைப்பு வருமா என்ற கவலையில் இருப்பவரிடம் மனம் திறக்கச் சொல்வது எளிதல்ல. அவர்களுடைய பதில்களை மட்டும் நிலையவாரியாகப் பிரிக்காமல் வட்ட அளவில் சேர்த்து வெளியிடலாம். பதில் சொன்னவர்களின் கைப்பேசி எண்கள், நிலையங்களை நடத்தும் நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் மண்டல அலுவலகத்தைத் தாண்டிப் போகக் கூடாது.

கேட்டுவிட்டுச் சும்மா இருப்பது கேட்காததைவிட மோசம். ஒரு முறை எழுதிப் பதில் வராதவர் மறுமுறை அந்த இணைப்பைத் தொட மாட்டார். எல்லாமே உள்ளூரில் தீர்கிற காரியமும் அல்ல. ஈரப்பத வரம்பைத் தளர்த்துவது மத்திய அரசின் கையில். 2023 பிப்ரவரியில், பருவம் தப்பிய மழைக்குப் பிறகு, அது 20 சதவீதம் வரை அனுமதித்தது. லாரியும் சாக்கும் தார்ப்பாயும் நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் பொறுப்பு. முறை மீறாமல் வரிசையில் நிற்பதும், நெல்லைத் தூற்றிக் காயவைத்துக் கொண்டுவருவதும் விவசாயிகளின் பொறுப்பு.

வரும் சம்பா அறுவடையில் தரங்கம்பாடி வட்டத்து நிலையங்களில் மட்டும் இதைச் செய்து பார்க்கலாம். விவசாய சங்கங்களும் பணியாளர் சங்கங்களும் சேர்ந்து உட்கார்ந்து கேள்விகளை எழுதட்டும். வந்த பதில்களை மாதாந்திரக் குறைதீர்க்கும் கூட்டத்தில் வாசித்து, எது சரிசெய்யப்பட்டது, எது ஏன் முடியவில்லை என்று அதிகாரிகள் அங்கேயே சொல்லலாம். முடியாததை முடியாது என்று காரணத்தோடு சொன்னாலும் கேட்டுக்கொள்ளும் பொறுமை இந்த வட்டத்து விவசாயிகளுக்கு உண்டு.