தட்டுறவனுக்குக் கேக்காது

ஆசைப்பட்டு ஒரு மெக்கானிக்கல் கீபோர்டு வாங்கினேன். ஒவ்வொரு தட்டுக்கும் 'டக் டக்'னு ஒரு சத்தம் வரும் பாருங்க, கோட் அடிக்கறதே தனி சுகம். ராத்திரி ஒரு மணி வரைக்கும் தட்டிக்கிட்டு இருப்பேன். சுவத்துக்கு அந்தப் பக்கம் அப்பா ரூம்.

மூணு மாசம் கழிச்சு அம்மாதான் சொன்னாங்க. "அப்பா சரியாவே தூங்கறதில்லடா. உன் வேலை கெட்டுடக் கூடாதுன்னு வாயத் திறக்க மாட்டேங்கறார்."

"இதெல்லாம் ஒரு சத்தமாம்மா?"ன்னு எரிஞ்சு விழுந்தேன்.

போன வாரம் அக்கா பையன் வந்து அதே கீபோர்டுல விளையாடினான். நான் படுத்திருந்தேன். பத்து நிமிஷம் தாங்கல மக்களே!

ஏன்னு தேடிப் படிச்சேன். விரலுக்கு உத்தரவு போடும்போதே மூளை அதுல ஒரு காப்பி எடுத்து வச்சுக்குதாம். வரப்போற சத்தம் முன்னாடியே தெரிஞ்சுடறதால அதைக் கொஞ்சம் அடக்கி வாசிக்குது. 1950ல ஹோல்ஸ்ட், மிட்டல்ஸ்டெட்னு ரெண்டு ஜெர்மன்காரங்க சொன்ன கருத்து இது. 1973ல ஷேஃபரும் மார்க்கஸும் மூளை அலையை அளந்தே பார்த்தாங்க. தானே உண்டாக்கின சத்தத்துக்கு அலை சின்னது. அதே சத்தம் மெஷின்ல இருந்து தானா வந்தா பெருசு.

"வேலையில மூழ்கிட்டா எதுவும் கேக்காதுதானே?"ன்னு நீங்க கேக்கலாம். கவனத்துக்கும் பங்கு இருக்கு. எந்தக் காதுல கவனம் வைக்கறோமோ, அதுல வர்ற சத்தத்துக்கு அலை பெருசாகுதுன்னு ஹில்யார்டு குழு அதே 1973ல காட்டிடுச்சு. ஆனா 2013ல லைப்சிக் ஆராய்ச்சியாளர்கள் ரெண்டையும் சேர்த்து சோதிச்சாங்க. கவனத்தை சத்தத்து மேல வச்சாலும் சரி, வேற பக்கம் திருப்பினாலும் சரி, தன் சத்தத்துக்கு மட்டும் அந்தக் குறைவு அப்படியே இருந்தது.

மூளை அலையும் அப்பாவோட தூக்கமும் ஒண்ணில்லதான். ஆனா "நான் கவனமா, மெதுவாத்தான் தட்டறேன்"னு இனிமே சொல்ல எனக்கு வாய் வராது. சத்தம் போடறவன் காது அந்தச் சத்தத்துக்கு அளவுகோல் இல்ல. ஹாரன் அடிக்கறவருக்கும், மைக் செட் போடறவருக்கும் இதேதான். அடுத்த பக்கம் இருக்கறவங்களைக் கேக்கணும். அப்பாவைக் கேட்டா "பரவாயில்லப்பா"ம்பார். அதனால கேக்காமலே மாத்திட்டேன்.

இந்தப் பதிவு பழைய லேப்டாப் கீபோர்டுல அடிச்சது. பக்கத்து ரூம்ல அப்பாவோட குறட்டை நல்லாவே கேக்குது. அவருக்குத்தான் கேக்காது :-)