நாவிற் பூட்டிய விலங்கு

இனவெறி தோலோடு நிற்பதன்று. நாவிலும் விலங்கு பூட்டும். மார்த்தினிக்குத் தீவிற் பிறந்த கருநிற மருத்துவர் பிரான்சு பனான், 1952-இல் வெளிவந்த 'கருப்புத் தோல், வெள்ளை முகமூடிகள்' என்னும் நூலின் முதற் கட்டுரையிலேயே இதனை நிறுவினார்.

அத்தீவின் பள்ளிகள் மக்கள்மொழியாம் கிரியோலை இழிவென்று பயிற்றின. பிரெஞ்சு பேசினோரே உயர்ந்தோராய் மதிக்கப்பட்டனர். ஆயினும், அம்மொழியைப் பிழையறப் பேசியும் பாரிசில் அவர்கட்கு நிகர்மை கிட்டவில்லை. வெள்ளையர் கண்டது தோலையே. தன்மொழியை இகழ்ந்து பெற்ற ஊதியம் அவ்வளவே! அடிமைப்பட்ட மக்கள் அனைவர்க்கும் இந்நிலை பொருந்தும் என்றும் அவர் எழுதினார்.

1961-இல் பனான் மறைந்தார். அவர் சுட்டிய நோய் மறையவில்லை. தமிழ்மக்களே! ஆங்கிலப் பள்ளி வாயிலில் தமிழ்பேச நாணும் நம் பிள்ளையின் முகத்தை உற்று நோக்குங்கள். அம்முகமூடியை அணிவித்தவர் யார்? நாமே அன்றோ! கழற்ற வேண்டியவரும் நாமே.