தளர்ச்சி வருமுன் காது மிஷின்

முதுமைத் தளர்ச்சி மருத்துவர்கள் அளந்து சொல்லும் ஒரு நிலை. அமெரிக்க மருத்துவர் லிண்டா ஃபிரைடும் குழுவினரும் 2001இல் அதற்கு ஐந்து அடையாளங்களை வகுத்தனர்: முயலாமலே எடை குறைவது, ஓயாத அசதி, கைப்பிடி வலுவிழப்பது, நடை மெதுவாவது, உடலுழைப்பு சுருங்குவது. மூன்று இருந்தால் தளர்ச்சி. ஒன்றோ இரண்டோ இருந்தால் அதன் முன்கட்டம். காது இந்தப் பட்டியலில் இல்லை. ஆனாலும் இங்கிலாந்து முதியோரை நான்கு ஆண்டுகள் கவனித்து 2017இல் வெளியான ஆய்வில், முன்கட்டத்தில் இருந்தவர்களுள் காது மந்தமானவர்களே அதிகமாகத் தளர்ச்சிக்குள் போனார்கள்.

முதுமையில் உட்செவியின் மயிர்ச் செல்களுள் உயர்ந்த சுருதியை வாங்குபவைதான் முதலில் அழிகின்றன. அவை மறுபடி முளைப்பதில்லை. உயிரொலிகள் காதில் விழுகின்றன, ச, ஸ போன்ற ஒலிகள் நழுவிவிடுகின்றன. ‘சத்தம் கேக்குது, என்ன பேசுறாங்கன்னுதான் புரியல’ என்று பெரியவர்கள் சொல்வது முழு உண்மை. விட்டுப்போன ஒலிகளை ஊகித்து நிரப்பும் வேலையே களைப்பாக்கிவிடும். பிறகு கல்யாண வீடு, கோயில், டீக்கடை என்று ஒவ்வொன்றாகப் போவது நிற்கிறது. வெளியே போகாத கால்களில் தசை கரைகிறது. பின்னால் வரும் வண்டியின் ஓசை கேளாததால் தெருவில் இறங்கவும் பயம். சர்க்கரை நோயும் புகைப்பழக்கமும் செவியையும் உடலையும் ஒருங்கே கெடுப்பதால், எல்லாப் பழியையும் காதின்மேல் போடுவதும் சரியாகாது.

காது மிஷின் இதில் எவ்வளவு உதவும்? அமெரிக்காவில் 70 முதல் 84 வயதுவரையான 977 பேரிடம் நடந்த ‘அச்சீவ்’ சோதனையின் முடிவு 2023இல் வந்தது. மூன்று ஆண்டுகளுக்குப் பின்னும் மொத்தக் குழுவில் அறிவுத்திறனின் சரிவு மட்டுப்படவில்லை. அபாயக் காரணிகள் மிகுந்த ஒரு பிரிவினரிடம் மட்டும் 48 சதவீதம் குறைந்தது. அந்தச் சோதனை முதன்மையாக அளந்தது அறிவுத்திறனை, தளர்ச்சியை அல்ல. மிஷின் போட்டால் உடல் தேறிவிடும் என்று விற்பது தவறு. பேச்சு மறுபடி காதில் விழுவதும் ஆள்கூட்டத்துக்குள் திரும்பிப் போக முடிவதுமே அதை வாங்கப் போதுமான காரணங்கள்.

பலரும் தள்ளிப்போடுவதுதான் வேதனை. மிஷினில் பரவலாகப் பயன்படும் 312 எண் பேட்டரியின் குறுக்களவு 8 மில்லிமீட்டர்கூட இல்லை. அதை எடுத்து மாற்ற விரல் நடுங்கக்கூடாது, கண் தெரியவேண்டும். கைப்பிடி தளர்ந்தபின் வாங்கினால் கருவி அலமாரிக்குள் போய்விடும். மூளைக்கும் புது ஒலியோடு பழகச் சில வாரங்கள் வேண்டும். ஆகவே முன்கட்டத்திலேயே, இன்னும் முன்னதாகவே தொடங்குவது நல்லது. ஏற்கெனவே தளர்ந்தவருக்குச் சார்ஜ் செய்யும் வகையோ காதுக்குப் பின்னால் மாட்டும் பெரிய வகையோ தோதுப்படும். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள முதியோருக்கு 2017இல் தொடங்கிய ராஷ்ட்ரிய வயோஸ்ரீ யோஜனா இலவசமாகவே கருவி தருகிறது.

‘இரையுது’ என்று கழற்றி வைத்தவரிடம் வீட்டார் சலித்துக்கொள்ளாமல், செவித்திறன் நிபுணரிடம் மறுபடி அழைத்துப்போக வேண்டும். அளவு திருத்தியதும், அடைத்திருந்த குறும்பியை எடுத்ததும் பலருக்குத் தொந்தரவு தீர்ந்துவிடுகிறது.